பலாப்பழம் கொண்டுவந்தவர்

எங்கள் ரப்பர் தோட்டத்தில் மாப்பிள்ளை என்றால் முதலில் கோட்டு. உள்ளே இருக்கிற ஆள் பிறகுதான். பெண் பார்க்க எத்தனை பேர் வந்தாலும் கோட்டுப் போட்டவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். மற்றவர்கள் எவ்வளவு பெரிய கங்காணியாக இருந்தாலும் அன்றைக்கு மட்டும் தோளில் துண்டோடு நிற்பார்கள். யார் மாப்பிள்ளை என்று வாயைத் திறந்து கேட்டால் அது மரியாதைக் குறைவு. கோட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். கோட்டோடு தலைப்பாகை, சங்கிலி வைத்த கடிகாரம், குடை எல்லாம் சேர்ந்தால் முழு மாப்பிள்ளை. குடை இல்லாவிட்டால் முக்கால் மாப்பிள்ளை.

பெண் வீட்டுக்கும் இதே சட்டம்தான். அன்றைக்கு அந்த வீட்டில் கழுத்து நிறைய நகையோடு நிற்பவள் பெண். பெற்ற தாய்கூடத் தாலிக் கயிற்றைத் தவிர ஒன்றும் போடமாட்டாள்.

இதில் ஒரே ஒரு சங்கடம். தெரணியகலை ஊரைச் சுற்றியிருந்த தோட்டங்களில் கோட்டு வைத்திருந்த லயத்து வரிசை வீட்டுக் குடும்பங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அட்டிகை வைத்திருந்தவர்கள் அதைவிடக் குறைவு. ஆகவே எல்லாம் இரவல். இரவல் கொடுத்தவர்கள் லேசுப்பட்டவர்களா? பொருளைக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்க அவர்களுக்கு மனம் வராது. கூடவே புறப்பட்டு வந்துவிடுவார்கள். பெண் பார்க்க வரும் கூட்டத்தில் பாதிப் பேர் சொந்தக்காரர்கள், மீதிப் பேர் சாமான்களின் சொந்தக்காரர்கள். ஒரு மாப்பிள்ளை பாவம் களைத்துப்போய்ச் சுவரில் சாய்ந்தபோது, "சுண்ணாம்பு ஒட்டும், நேரா ஒக்காரு" என்று பின்னாலிருந்து ஒருவர் அதட்டியதை நானே கேட்டிருக்கிறேன். அன்று முழுவதும் நானும் என் கூட்டாளிகளும் ரப்பர் மலையில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். ரப்பர் பால் வாளி கவிழாமல் தப்பியது பெரிய காரியம்.

அடுத்தவர் வீட்டுக் கூத்தாக இருந்த வரைக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது. முதல் பெரிய யுத்தம் முடிந்து சில வருடங்களில் என் முறை வந்தது.

அப்பா ரப்பர் ஸ்டோரில் ஷீட் உருட்டுகிற வேலையில் இருந்தார். நல்ல மனிதர். ஆனால் லயத்து வாய்க்குப் பயந்தவர். எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு பெண்ணைப் பார்க்க வந்தவன் கோட்டில்லாமல் வந்துவிட்டான். அதைப் பற்றி லயமே பேசித் தீர்த்தது. அந்தப் பேச்சு தன் வாசலுக்கு வந்துவிடக் கூடாது என்று அப்பா எல்லோரிடமும் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். நம்ம மாப்பிள்ளை கோட்டு, கடிகாரம், குடை மூன்றோடும் வருகிறார் என்று. மாப்பிள்ளை கித்துல்கல பக்கத்துத் தோட்டம். தகப்பன் இல்லை. தாய்மாமன்தான் எல்லாம். இரண்டு பக்கமும் போய்ப் பேசி முடித்தவர் எங்கள் தூரத்து உறவு ஒருவர். அவர் ஒருவர்தான் இரு வீட்டாரையும் நேரில் பார்த்தவர். அந்தப் புண்ணியவான் சரியாக அந்த ஞாயிற்றுக்கிழமை பார்த்துக் காய்ச்சலில் படுத்துக்கொண்டார்.

என் கவலை கோட்டில் இல்லை. தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து அப்பா அதை மாப்பிள்ளை கையில் கொடுத்துவிட்டால் முடிந்தது கதை. அதற்குப் பிறகு பெண் தலைகீழாக நின்றாலும் மாற்றம் இல்லை. அதற்கு முன்னாலும் அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. அந்தக் கோட்டுக்குள்ளிருந்து குடிகாரன் வந்தாலும், கோபக்காரன் வந்தாலும், வாயே திறக்காத கல்லுப்பிள்ளையார் வந்தாலும் அவனோடுதான் நான் கிடந்து சாக வேண்டும். இதை நினைத்து நினைத்து எனக்குப் பயமாக இருந்தது. கூடவே எரிச்சலும் வந்தது. எரிச்சல் வந்தால் எனக்கு வாய் நிற்காது.

அன்றைக்கு எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் இருந்த நாற்காலி பெரிய கங்காணி வீட்டு நாற்காலி. குத்துவிளக்கு கோயிலுடையது. எனக்கான அட்டிகையும் ஜிமிக்கியும் மூக்குத்தியும் அடுத்த வீட்டு அக்காவுடையவை. அவளுக்கு என் அம்மாவைவிடச் சில வயதுதான் குறைவு. பிள்ளைகளைப் பெற்று வளர்த்துக் கட்டியும் கொடுத்தவள். ஆனால் நாங்கள் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். நகையைச் சேலை முந்தானையில் முடிந்து எடுத்துக்கொண்டு வந்தாள். நான் பின்பக்கத் தகரச் சாய்ப்பில் அடுப்பங்கரையில் கரியும் புகையுமாக இருந்தேன். பழைய சேலையோடு. கூப்பிட்ட பிறகு உடுத்திக்கொள்கிறேன் என்று அடம்பிடித்துவிட்டேன். கூட்டமோ கூட்டம். நகையை அவள் எங்கே கழற்றி வைப்பாள்? சட்டிக்கு அடியில் வைத்தால் எலி, பெட்டிமேல் வைத்தால் ஆள். யோசித்துப் பார்த்துவிட்டுப் பாதுகாப்புக்காக அவ்வளவையும் தன் கழுத்திலும் காதிலும் மூக்கிலும் மாட்டிக்கொண்டு, உள்கதவுப் பக்கம் போய் நின்றாள். அங்கே நின்றால்தானே மாப்பிள்ளையையும் பார்க்க முடியும்.

எங்கள் பக்கத்து மழைக்கு நாள் கிழமை கிடையாது. மத்தியானத்துக்கு மேல் கொட்டோ கொட்டென்று கொட்டியது. வருகிற வழியில் என்ன நடந்ததென்று பிறகு கேள்விப்பட்டதைச் சொல்கிறேன். ஓயா ஆற்றில் தண்ணீர் ஏறிவிட்டது. ஒற்றை மரப் பாலத்தைப் பார்த்ததும் பெண்கள் எல்லோரும் தட்டுகளோடு திரும்பிவிட்டார்கள். கோட்டு கம்பளிக் கோட்டு. துரை ஒருவர் சீமைக்குப் போகும்போது தாய்மாமனுக்குக் கொடுத்துவிட்டுப் போனது. நனைந்தால் சுருங்கிவிடும். குடையோ தெரணியகலை பஜாரில் சாமான் கடை வைத்திருந்த சோனகர் ஒருவருடையது, முஸ்லிம் அண்ணன்களை நாங்கள் நானா என்போம். இரவல் கொடுத்தவர் குடையை வேறு யார் கையிலும் விடமாட்டேன் என்று தானே பிடித்துக்கொண்டு வந்தார். அந்தக் குடைக்குக் கீழே இரண்டு பேர்தான் நிற்க முடியும். ஒருவர் குடையின் சொந்தக்காரர். இன்னொருவர் கோட்டின் சொந்தக்காரர். அவர் மாப்பிள்ளையிடமிருந்து கோட்டைக் கழற்றி வாங்கி, கையில் வைத்திருந்தால் ஓரம் நனைகிறது என்று தானே போட்டுக்கொண்டார். தலைப்பாகையும் கடிகாரமும் கோட்டோடு சேர்ந்தவை, அவையும் இடம் மாறின. மாப்பிள்ளை? அவருக்கு ஒரு சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டுவிட்டார்கள். வழியில் மழைக்கு ஒதுங்கியபோது ஒரு சிங்கள வீட்டு அம்மா, கல்யாணக் காரியத்துக்குப் போகிறவர்கள் வெறுங்கையோடு போகக் கூடாது என்று ஒரு முழுப் பலாப்பழத்தைக் கொடுத்தாள். அதையும் அவர் தோளில் ஏற்றினார்கள்.

எங்கள் வாசலில் கோட்டை மாற்றிக்கொள்வதாகத்தான் ஏற்பாடு. அதற்கு அப்பா இடம் கொடுத்தால்தானே! கோட்டைத் தூரத்தில் கண்டதுமே மழையில் இறங்கி ஓடினார். கும்பிட்டபடியே அழைத்து வந்து பெரிய கங்காணி வீட்டு நாற்காலியில் உட்கார வைத்தார். வந்தவரும் தாய்மாமனுக்கு உரிய மரியாதைதானே என்று "இருக்கட்டும், இருக்கட்டும்" என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சாக்குக்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார். யாரோ அவரிடம், பழத்தைப் பின்னால் அடுப்படிக்குக் கொண்டுபோ என்றார்கள். துடைத்துக்கொண்டு வரத்தான் அனுப்புகிறார்கள் என்று தாய்மாமன் நினைத்துக்கொண்டார்.

நான் சாக்குத் திரையை விலக்கி முன்பக்கம் எட்டிப் பார்த்தேன். நாற்காலி நிறைய ஒரு வயிறு. வயிற்றின்மேல் கடிகாரச் சங்கிலி. அதற்கு மேலே பாதி நரைத்த மீசை. என் அப்பாவுக்கு அண்ணன் மாதிரி இருந்தார் என் மாப்பிள்ளை.

ஓடிவந்து அம்மாவிடம் சொன்னேன். அவளும் போய்ப் பார்த்தாள். அப்பாவைக் கூப்பிட்டுக் கேட்டதற்கு அவர், கொஞ்சம் முதிர்ச்சியான ஆள்தான், ஆனால் வயது கொஞ்சம் ஆனால்தான் கோட்டு எடுப்பாக நிற்கும் என்றாராம். அம்மா தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு முன்பக்கம் போனாள். நான் அடுப்பு முன்னால் உட்கார்ந்து ஈர விறகை ஊதினேன். புகை வந்ததே தவிர நெருப்பு வரவில்லை. கண்ணீர் தாராளமாக வந்தது.

அப்போதுதான் அந்தச் சாக்கு உள்ளே வந்தது. பழத்தை இறக்கி வைத்துவிட்டு, கொங்காணியைக் கழற்றி வெளியே உதறி மாட்டினார். உள்ளே வெறும் பனியன், முழங்காலுக்கு மடித்துக் கட்டிய வேட்டி, கால் முழுக்க ரத்தம் குடிக்கும் அட்டை. யாரோ சுமை தூக்க வந்த ஆள் என்று நினைத்து அம்மாவின் வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பை எடுத்து நீட்டினேன்.

"இந்தாங்கண்ணே, அட்டைக்குத் தடவுங்க" என்றேன். அண்ணே! இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு பிற்காலத்தில் அவர் என்னைப் படுத்திய பாடு கொஞ்சமா? சண்டை போட்டுக்கொண்டு நான் மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கும்போதெல்லாம், "என்ன தங்கச்சி, சோறு இல்லையா?" என்பார். எந்தக் கோபமும் அதற்கு மேல் நிற்காது.

அட்டைகளை எடுத்துவிட்டு, நான் ஊதுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஊதுகுழலை வாங்கிக்கொண்டு குந்தி உட்கார்ந்தார். விறகைக் கலைத்துவிட்டு, காய்ந்த தென்னம்பாளை கிடக்கிறதா என்று கேட்டு வாங்கிச் சொருகி ஊதினார். நெருப்புப் பிடித்துக்கொண்டது. பிறகு கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பழத்தை வெட்ட உட்கார்ந்தார். யாரும் அவரைச் செய்யச் சொல்லவில்லை. எனக்கோ யாரிடமாவது கொட்டித் தீர்க்க வேண்டும் போல இருந்தது. சுமைக்காரனிடம் சொன்னால் யாருக்குத் தெரியப் போகிறது?

"உள்ள நாக்காலியில ஒக்காந்திருக்காரே, அவரு வயித்தப் பாத்தீங்களாண்ணே?" என்று ஆரம்பித்தேன்.

"அவரு எங்க மாமா. நல்லாச் சாப்புடுவாரு" என்றார், சிரிக்காமல்.

சரிதான், மாப்பிள்ளையின் மருமகன் சுமை தூக்கி வந்திருக்கிறான், இவனிடம் எதற்கு என்று வாயை மூடிக்கொள்ளப் பார்த்தேன். மூடினால்தானே. அந்த மீசையை இரண்டு நாள் தேத்தண்ணிச் சாயத்தில் ஊற வைத்திருக்கலாமே என்றேன். அந்த நாற்காலி பெரிய கங்காணி வீட்டுடையது, உடைந்தால் யார் பதில் சொல்வது என்றேன். அவர் குனிந்து பழத்தை வெட்டிக்கொண்டே இருந்தார். தோள் மட்டும் குலுங்கியது. எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. எது வந்தது என்று எனக்கே தெரியவில்லை. ஏன் அழுகிறீர்கள் என்று கேட்டார். புகை என்றேன்.

"நெருப்புத்தான் எரியுதே" என்றார். பிறகு அவராகவே, தணிந்த குரலில், தனக்கும் அழ வேண்டும் போலத்தான் இருக்கிறது என்றார். பெண்ணைப் பார்த்தாராம். உள்கதவுப் பக்கம் நகையெல்லாம் போட்டுக்கொண்டு நின்றாளாம். வயது கொஞ்சம் கூடத்தான் போலிருக்கிறது என்றார். தன் மாமனுக்காகக் கவலைப்படுகிறார் போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வீட்டு அக்காவை இவர் பெண் என்று நினைத்துவிட்டார்! அந்தக் கவலையிலும் எனக்குள் ஒரு குட்டிச் சாத்தான் குதித்தது. திருத்துவேனா? திருத்தவில்லை. முகத்தை வைத்துக்கொண்டு, அப்படியானால் உங்கள் மாப்பிள்ளை என்ன செய்வார், வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாரா என்று கேட்டேன்.

அவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"எப்படிங்க சொல்றது? பொண்ணுன்னு சொல்லி நாலு பேரு முன்னால நிக்க வச்சிருக்காங்க. வேணாம்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போனா, போறவனுக்கு ஒன்னும் இல்ல. அவங்க இந்த லயத்துலதானே நாளைக்கும் இருக்கணும். மொதல்ல அவங்களுக்குச் சம்மதமான்னு கேக்கணும்."

"யாரு கேக்கணும்?"

"மாப்பிள்ளைதான்."

"பொண்ணுகிட்டயா?"

"வேற யாருகிட்டங்க கேக்குறது?"

நான் அகப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். குழம்பு அடிப்பிடித்த வாசனை வந்தும் கிண்டத் தோன்றவில்லை. பெண்ணைக் கேட்க வேண்டும் என்று ஒரு ஆண்பிள்ளை சொல்லி என் காதால் கேட்டது அதுதான் முதல் தடவை. அதையும் ஏதோ உப்புப் போட வேண்டும் என்பதைப் போலச் சாதாரணமாகச் சொல்கிறாரே. அந்தக் கோட்டுக்குள் இந்தப் பனியன் இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அப்படித்தான் நினைத்தேன். அந்த நிமிடத்தில் எனக்கு அந்தச் சுமைக்காரர்மேல் ஆசை வந்துவிட்டது.

முன்பக்கம் அதற்குள் வேறொரு கூத்து. அப்பாவுக்கும் அடிமனதில் ஒரு உறுத்தல் இருந்திருக்க வேண்டும். இஸ்தோப்புத் திண்ணையில் நின்று குடையை உதறிக்கொண்டிருந்த நானாவிடம் போய், மாப்பிள்ளை எப்படிப்பட்டவர் என்று மெல்லக் கேட்டிருக்கிறார். நானா மனம் திறந்து புகழ்ந்தார். பனை போல உயர்ந்த கித்துள் மரத்தில் ஒரே மூச்சில் ஏறிவிடுவாராம். அப்பா திரும்பி நாற்காலியைப் பார்த்தார். அரிசி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு மலையில் ஓடியே ஏறுவாராம். அப்பா மறுபடியும் பார்த்தார். அங்கே மூன்றாவது வாழைப்பழம் உரிபட்டுக்கொண்டிருந்தது. போன மழைக்காலத்தில் தாய்க்குச் சுகமில்லாமல் போனபோது, ரோட்டில் வண்டி இல்லையென்று ஆஸ்பத்திரி வரைக்கும் முதுகில் சுமந்துகொண்டு போனாராம். அப்பா அதற்கு மேல் தாங்கமாட்டாமல், தட்டில் வெற்றிலை பாக்கோடு, நேரே அடுப்படிக்கு வந்தார். தேத்தண்ணி கொடுத்துவிட்டுத் திரும்பிய அம்மாவும் அவர் பின்னாலேயே வந்தாள்.

"ஏய், நீ நெனக்கிற மாதிரி இல்ல" என்றார் அம்மாவிடம், மூச்சு வாங்க. "அந்த ஆளு கித்துள் மரம் ஏறுவாராம். நானா சொல்றாரு. அம்மாவ முதுகுல தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாராம்."

அடுப்படியில் பலாச்சுளையோடு குந்தியிருந்தவர் நிமிர்ந்தார். எண்ணெய்க் கையைப் பனியனில் துடைத்துக்கொண்டே எழுந்து நின்றார்.

"மாமா, மரம் ஏறுறது நானுங்க" என்றார். "அம்மாவத் தூக்கிட்டுப் போனதும் நான்தான். அவரு எங்க தாய்மாமன்."

முதலில் அம்மாவுக்குத்தான் விளங்கியது. அவள் சிரிக்கவில்லை, என்னைப் பார்த்து, "அடியே, இன்னும் என்னா ஒக்காந்திருக்க? எந்திரிச்சுப் போயி நகையப் போட்டுக்க, மாப்பிள்ளைக்கு முன்னால இப்படியா நிப்ப?" என்றாள். இப்போது அவர் முறை. என்னைப் பார்த்தார். உள்கதவில் நின்ற அக்காவைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். வயிறு, மீசை, நாற்காலி என்று நான் பேசியதெல்லாம் அவருக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வருவது முகத்தில் தெரிந்தது. பிறகு சிரித்தார் பாருங்கள், சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கும் அடக்க முடியவில்லை. மாப்பிள்ளையும் பெண்ணும் அடுப்பங்கரையில் நின்று கண்ணில் நீர் வரச் சிரித்ததை எங்கள் தோட்டம் அதற்கு முன் பார்த்ததில்லை.

அப்பா சிரிக்கவில்லை. அவர் முகம் கறுத்துவிட்டது. லயத்து ஆட்கள் எல்லோரும் வாசலில் நெருக்கிக்கொண்டு நிற்கிறார்கள். சாக்கைப் போட்டுக்கொண்டு வந்தவனா என் மாப்பிள்ளை என்று கேட்டார். நான் எல்லோரிடமும் என்ன சொல்லி வைத்திருக்கிறேன் என்று கத்தினார்.

தாய்மாமனுக்கு விஷயம் விளங்கியதும் பதறிப்போய் எழுந்தார். இதோ கோட்டு, இப்போதே மாற்றிவிடுகிறோம் என்றார். எங்கே மாற்றுவது? துரை சீமைக்குப் போன பிறகு மாமாவின் உடம்பு சும்மா இருக்கவில்லை. ஓரம் நனைந்த கம்பளியோ வருகிற வழியிலேயே கொஞ்சம் சுருங்கியிருந்தது. ஒரு கை உள்ளே மாட்டிக்கொண்டது. ஒரு பக்கம் அப்பா, மறு பக்கம் நானா, இரண்டு பேரும் இழுக்க, மாமா நடுவில் காற்றாடி போலச் சுற்றினார். கைப்பகுதி பர்ரென்று பிரிந்து தனியாக நானாவின் கையோடு வந்தது. கோட்டு மட்டும் வரவில்லை. இந்தப் பக்கம் அக்கா நகையைக் கழற்றி எனக்குப் போடப் பார்த்தாள். மூக்குத்தித் திருகு திருகவே இல்லை. அவள் "ஆ"வென்று கத்த, அம்மா தேங்காயெண்ணெய் தேடி ஓட, அட்டிகை அவள் கொண்டையில் சிக்கிக்கொண்டது. லயமே விழுந்து விழுந்து சிரித்தது.

அப்பா கையை உயர்த்தினார். எல்லோரும் அடங்கினார்கள். போதும், நீங்கள் போய்விட்டு வாருங்கள், கோட்டில்லாமல் வந்தவனுக்கு என் பெண்ணைக் கொடுக்கிறதாக இல்லை என்றார். வெற்றிலைத் தட்டை விளக்குக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்.

காலையில் வெற்றிலை கைமாறிவிடுமே என்று பயந்தவள், இப்போது மாறாமல் போய்விடுமே என்று பயந்தேன்.

அவர் அப்பாவிடம் கெஞ்சவில்லை. கோபித்துக்கொள்ளவும் இல்லை. பலாப்பிசின் ஒட்டிய கையோடு, ஈர வேட்டியோடு, அடுப்படிச் சாக்குத் திரையைத் தாண்டி முன்னால் வந்து, எல்லோருக்கும் கேட்கும்படி என்னைப் பார்த்துக் கேட்டார்.

"ஒங்களுக்குச் சம்மதமா?"

மழை தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. பெண் வாயைத் திறக்கக் கூடாத இடத்தில் ஒருவர் என்னைக் கேட்டுவிட்டுப் பதிலுக்காக நிற்கிறார். அவர் கேள்வியை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

"சம்மதம்" என்றேன். அதோடு நிறுத்தவில்லை. "அப்பா, கோட்டு வேணும்னா நீங்க வச்சுக்கங்க. எனக்குப் பலாப்பழம் கொண்டாந்தவரு போதும்."

அப்பா என்னை அடிக்க வருவார் என்று நினைத்தேன். அவர் அம்மாவைத்தான் பார்த்தார். அம்மா எண்ணெய்ப் புட்டியை மூடிவிட்டு, நிதானமாக வந்து அந்தத் தட்டை எடுத்தாள்.

"இந்தாங்க" என்றாள் அப்பாவிடம். "நாக்காலி கங்காணி வூட்டுது. வெளக்கு கோயிலுது. அட்டிகை அவளுது. இங்க எரவல் இல்லாதது இவ ஒருத்திதான். அவரும் தன்னோடதுன்னு இருக்குறதத்தான் கொண்டாந்து நிக்கிறாரு. குடுத்துருங்க."

அப்பா தட்டை வாங்கிக்கொண்டார். பிறகு நானாவைப் பார்த்து, ஏன் நானா, நெசமாகவே ஒரே மூச்சில் ஏறுவாரா என்று கேட்டார். எங்கள் எல்லோருக்கும் உயிர் வந்தது. தட்டு கை மாறியபோது வெற்றிலையில் பிசின் ஒட்டிக்கொண்டது. அன்றைக்கு வாசலில் நின்றவர்கள் அத்தனை பேருக்கும் ஆளுக்கொரு சுளை கிடைத்தது. கெட்டிச் சுளை வரக்காப் பழம், தேனாக இருந்தது.

ஒற்றைக் கைக் கோட்டை அதற்குப் பிறகு யாரும் இரவல் கேட்கவில்லை. அந்த வகையில் நாங்கள் இரண்டு தோட்டத்துக்கும் நன்மை செய்தோம். அவரோ அந்தக் கேள்வியைக் கடைசி வரைக்கும் விடவில்லை. மாடு வாங்குவதற்கும் கேட்பார், மகளை எந்தப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவது என்றும் கேட்பார். வேண்டாம் என்று நான் சொன்னால் முகம் சுளித்ததில்லை. சில சமயம் எனக்கே அலுத்துப்போய், எல்லாவற்றையும் என்னிடம் கேட்டால் நீங்கள் எதற்கு என்று எரிந்து விழுந்திருக்கிறேன். அந்த மாடு ஒருநாள் ஓடிப்போனது. சம்மதம் சொன்னது நான் என்பதால் திட்டுவதற்கு ஆள் கிடைக்கவில்லை.

கல்யாணம் முடிந்து இரண்டாம் வருடம் ரயில் பார்க்க வேண்டும் என்று நான் கேட்டதற்கு ரம்புக்கனைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே ஒரு படம் பிடிக்கிற கடை இருந்தது. எங்களிடம் இருக்கிற ஒரே படம் அதுதான். கடைக்காரர் எங்களை ஒரு திரைக்கு முன்னால் நிறுத்திவிட்டு, உள்ளே போய் ஆணியில் தொங்கிய கறுப்புக் கோட்டை எடுத்து வந்தார். எல்லோரும் இதைப் போட்டுக்கொண்டுதான் எடுப்பார்கள், படத்தில் பெரிய மனுசன் மாதிரி விழும் என்றார். இவர் ஒரு கையை அதற்குள் நுழைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "ஒனக்குச் சம்மதமா?"

நான் இல்லையென்று தலையாட்டினேன். கழற்றிப் பக்கத்து நாற்காலியில் மாட்டிவிட்டு வந்து என் அருகில் நின்றார். இரண்டு பேருக்கும் அந்த அடுப்பங்கரை ஞாபகம் வந்துவிட்டது. ஆடாமல் நில்லுங்கள் என்று கடைக்காரர் கத்தக் கத்தச் சிரித்தோம். அதனால் படத்தில் எங்கள் முகம் கொஞ்சம் கலங்கித்தான் விழுந்திருக்கிறது. கலங்காமல் தெளிவாக விழுந்தது அந்தக் கோட்டு ஒன்றுதான்.

அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். படம் சுவரில் இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, பனியனோடு நிற்கிறவர் யார் என்று கேட்பதில்லை. நாற்காலியைக் காட்டி, அந்தக் கோட்டு யாருடையது என்றுதான் கேட்கிறார்கள்.

"தெரியலீங்க" என்பேன். "கோட்டு மட்டுந்தான் வந்துச்சு. ஆளு வரல."